ஸ்ரீ அனந்தாழ்வான் வைபவம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தர்மம் என்றவுடன் பொருள் என்பதே பெரும்பாலோர் நினைவுக்கு வருகிறது. பொன்னும் பூமியும் உடையவர் எழுதி வைப்பது தர்மம். அவை இல்லாதவர் அதனைக் கண்டு கைகூப்பி நிற்பது கடமை. இப்படித்தான் நாம் எண்ணிப் பழகிவிட்டோம். கைப்பொருள் ஒன்றுமின்றி, ஒரு கடப்பாரையும் ஒரு கூடையும் தம் குடும்பமுமே மூலதனமாகக் கொண்டு, ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளாக நினைக்கப்பெறும் ஒரு தர்மத்தை நிலைநாட்டிய மகான் ஸ்ரீ அனந்தாழ்வான். அவருடைய திவ்ய சரித்திரத்தைப் பெரியோர்கள் பணித்த வழியிலே இவ்வுற்சவ மலரின் வாயிலாகப் பாகவதர்களுக்கு விண்ணப்பம் செய்ய முற்படுகிறேன்.

ஸ்வாமி அவதரித்தது மேல்நாட்டில், மைசூர்ப் பக்கத்தைச் சேர்ந்த சிறுபுத்தூர் என்னும் கிராமம். காலம் பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதி. திருநட்சத்திரம் சித்திரையில் சித்திரை. இயற்பெயர் அனந்தன். உடையவருடைய ஞானமும் கருணையும் திக்கெங்கும் பரவிய நாளில், அனந்தன் வேறு சிலருடன் திருவரங்கம் வந்து அவர் திருவடிகளில் விழுந்தார். உடையவரோ அவர்களை அருளாளப் பெருமாள் எம்பெருமானாரை ஆச்ரயிக்கும்படி நியமித்தார். யஜ்ஞமூர்த்தி என்ற பெயருடன் வாதம் புரிய வந்து, பதினெட்டு நாள் வாதத்திற்குப் பின் தோற்று, உடையவருக்கே சிஷ்யரானவர் அந்த எம்பெருமானார். அவர் தம்மை அடைந்தவர்களுக்கும் உடையவர் திருவடிகளே தஞ்சம் என்று காட்டிக் கொடுத்தார். ஆக, அனந்தன் கற்ற முதற்பாடம் சாஸ்திரத்தில் ஒரு சூத்திரமன்று. தனக்கென ஒன்றும் வைத்துக் கொள்ளாத ஆசார்யனின் நடத்தையே அவருக்கு முதற்பாடமாயிற்று.

உடையவர் திருவரங்கத்தில் திருவாய்மொழிக் காலக்ஷேபம் சாதித்துக் கொண்டிருந்தார். மூன்றாம் பத்தில் மூன்றாம் திருவாய்மொழி, திருவேங்கடமுடையானுக்கு இடைவிடாது அடிமை செய்ய வேண்டுமென்று ஆழ்வார் பாரித்த பதிகம். அதனை விவரிக்கும்போது உடையவருக்குக் கண்ணீர் பெருகியது. புஷ்ப மண்டபம் என்று பெயர் பெற்ற திருமலையில் நந்தவனம் அமைத்து, நாள்தோறும் திருமாலை சமர்ப்பிக்க ஒருவர் இல்லையே என்ற ஏக்கம் அவர் திருவுள்ளத்தில் எழுந்தது. அங்கே சென்று அந்தக் கைங்கர்யத்தை ஏற்க வல்லவர் உளரோ என்று கோஷ்டியை நோக்கிக் கேட்டருளினார்.

கோஷ்டி மௌனமாயிற்று. அந்நாளில் திருமலை இன்றுள்ளது போன்றதன்று. அடர்ந்த காடு, கொடிய விலங்குகள், எலும்பை ஊடுருவும் குளிர். அதற்கும் மேலாக ஒரு தடை இருந்தது. உடையவரைப் பிரிய வேண்டும். அந்தக் காலக்ஷேபத்தை இழக்க வேண்டும். வேதாந்தம் கற்ற பண்டிதர் பலர் தலை குனிந்திருக்க, அனந்தன் ஒருவர் எழுந்து நின்று, தேவரீர் நியமித்தால் அடியேன் செல்கிறேன் என்று விண்ணப்பம் செய்தார். உடையவர் மகிழ்ந்து அவரைத் தழுவிக் கொண்டு, இக்கோஷ்டியில் ஆண்பிள்ளை இவரே என்று கொண்டாடினார். அனந்தான்பிள்ளை என்ற திருநாமம் அன்று வாய்த்தது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்று எழுந்து நின்றவர் பாடத்தை இழக்கவில்லை. மற்றவர்கள் செவியால் கேட்ட பதிகத்தை அவர் கையாலும் காலாலும் கற்கப் புறப்பட்டார். ஓதியதை உடம்பால் செய்து முடிக்கும்போதுதான் ஓதல் நிறைவு பெறுகிறது.

திருமலைக்கு அவர் தனியே செல்லவில்லை. தர்மபத்தினியையும் உடன் அழைத்துச் சென்றார். திருமலை நம்பி என்னும் பெரியவர், உடையவருக்குத் தாய்மாமனும் ஸ்ரீராமாயண ஆசார்யருமானவர், அங்கே தீர்த்த கைங்கர்யம் செய்து வந்தார். அவருக்கு நீர், இவர்களுக்குப் பூ. காட்டைத் திருத்தி, கற்களை அகற்றி, நந்தவனம் வைத்து அதற்கு இராமாநுசன் என்றே பெயரிட்டார் அனந்தாழ்வான். தம் பெயரை வைக்கவில்லை என்பதைக் கல்வெட்டில் பெயர் பொறிக்க விரும்பும் நாம் கவனிக்க வேண்டும். செடிகளுக்கு நீர் வேண்டுமே என்று ஏரி ஒன்று வெட்டத் தொடங்கினார். அவர் கடப்பாரையால் மண்ணைப் பெயர்ப்பார். கருவுற்றிருந்த மனைவியார் கூடையில் சுமந்து சென்று கொட்டி வருவார். கூலியாள் ஒருவரும் இல்லை. ஆசார்யன் நியமித்த பணியைத் தாங்களே செய்ய வேண்டுமென்பது அவருடைய உறுதி.

அப்போது ஒரு சிறுவன் வந்து, அம்மையார் களைத்திருக்கிறார், நான் சுமக்கிறேன் என்று கெஞ்சினான். அனந்தாழ்வான் இசையவில்லை. இக்கைங்கர்யத்தில் பிறருக்குப் பங்கில்லை என்று விரட்டினார். சிறுவன் விடவில்லை. அவர் கண்ணுக்கு மறைவான திருப்பத்தில் நின்று, அம்மையாரிடமிருந்து கூடையை வாங்கிக் கொண்டு போய்க் கொட்டித் தந்தான். மனைவி விரைந்து திரும்புவதைக் கண்டு ஐயுற்ற அனந்தாழ்வான், உண்மையை அறிந்து சினம் மேலிட்டுக் கையிலிருந்த கடப்பாரையை வீசினார். அது சிறுவனின் மோவாயில் பட்டது. இரத்தம் சொட்ட ஓடியவன் திருக்கோயிலுக்குள் புகுந்து மறைந்தான். அங்கே அர்ச்சகர்கள் திருவேங்கடமுடையானின் திருமோவாயில் குருதி கசியக் கண்டு திகைத்தனர். அனந்தாழ்வான் ஓடி வந்து பார்த்து, யாரை அடித்தோம் என்று உணர்ந்து கதறினார். பச்சைக் கற்பூரத்தைக் குழைத்துக் காயத்தில் அப்பினார். இன்றளவும் எம்பெருமானுடைய திருமோவாயில் பச்சைக் கற்பூரம் சாத்தப்படுகிறது. அந்தக் கடப்பாரையும் மகாத்வாரத்தின் அருகே சுவரில் இருக்கக் காணலாம்.

இச்சரித்திரத்தைச் சொல்லும்போது கடப்பாரையையும் கற்பூரத்தையும் மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். சற்று நின்று பார்ப்போம். ஸ்வாமியிடத்தில் சோம்பல் இல்லை, பேராசை இல்லை, சுயநலமும் இல்லை. ஆயினும் இக்கைங்கர்யம் எம்முடையது என்ற ஒரு சிறு மமதை இருந்தது. சுமை தாங்காத ஒரு பெண்மணியின் களைப்பு அந்த மமதையின் மறைவில் அவர் கண்ணுக்குப் படவில்லை. அதைக் கண்டவன் எம்பெருமான். நல்ல காரியத்தைச் செய்பவனே அந்நல்ல காரியத்தின் வாயிலை அடைத்து நிற்கக் கூடும் என்பதனைத் தன் திருமேனியில் காயம் ஏற்று அவன் காட்டியருளினான். தர்மகாரியங்களில் ஈடுபடும் குடும்பங்களும் சபைகளும் நாள்தோறும் நினைக்க வேண்டிய பாடம் இது. நம் முப்பாட்டனார் தொடங்கிய கட்டளை, நாங்களே நடத்துவோம், வேறொருவர் விளக்கேற்றக் கூடாது என்று பிணங்கி நிற்கும் இடங்களில் விளக்கே அணைந்து போனதை அடியேன் கண்டதுண்டு.

ஸ்வாமியின் நிஷ்டைக்கு வேறு சரித்திரங்களும் உண்டு. பூப்பறிக்கையில் நாகம் தீண்டியது. அருகிலிருந்தோர் விஷம் இறக்கச் சொன்னபோது, அவர் சிரித்தார். கடித்த பாம்பு வலியதாயின் விரஜையில் நீராடி வைகுந்தநாதனுக்கும், கடியுண்டவன் வலியனாயின் புஷ்கரிணியில் நீராடித் திருவேங்கடமுடையானுக்கும் அடிமை செய்யலாம் என்று கூறி மாலை தொடுக்கலானார். மற்றொரு நாள் யாத்திரை புறப்பட்டவர், வழியில் கட்டுப்பிரசாதத்தை அவிழ்த்தபோது எறும்புகள் இருக்கக் கண்டார். குலசேகரப் பெருமாள் திருமலையில் ஏதேனுமாகப் பிறக்க ஆசைப்பட்டாரன்றோ. அத்தகைய பேறு பெற்றவர்களை அங்கிருந்து பிரித்தோமே என்று நடுங்கி, மீண்டும் மலையேறி எறும்புகளை இறக்கிவிட்டு வந்தார். எறும்புக்கும் குடியிருப்பு உண்டு, அதைக் கலைக்கலாகாது என்று இரங்கும் இந்த நெஞ்சும், அன்று சிறுவனை விரட்டிய நெஞ்சும் ஒருவருடையவையே. கைங்கர்யம் அவரை எத்தனை தூரம் கனிவித்தது என்பதை இதனால் அறியலாம்.

ஓர் இரவில் இளம் தம்பதியர் இருவர் தோட்டத்தில் புகுந்து மலர்களைப் பறித்து உலாவினர். அனந்தாழ்வான் பிடிக்க வருகையில் நாயகன் தப்பி, கோயிலை அப்பிரதக்ஷிணமாகச் சுற்றி ஓடி மறைந்தான். நாயகி அகப்பட்டாள். ஸ்வாமி அவளைச் செண்பக மரத்தில் கட்டி வைத்தார். பொழுது விடிந்தபின் அவள் பிராட்டியென்று தெரிந்தது. ஸ்வாமி அவளைப் பூக்குடலையில் மலர்களுடன் எழுந்தருளச் செய்து சன்னிதியில் சமர்ப்பித்தார். மகளைக் கொண்டு வந்து கொடுத்தவர் என்பதால் எம்பெருமான் அவரை மாமனாராக ஏற்றருளினான் என்பர். பிரம்மோற்சவம் நிறைவுற்ற மறுநாள் மலையப்ப ஸ்வாமி அப்பிரதக்ஷிணமாக அத்தோட்டத்திற்கு எழுந்தருளும் பாக் சவாரி இதன் நினைவாகவே நடைபெறுகிறது. பூக்கொடுக்கப் போன குடும்பம் எம்பெருமானுக்கு உறவாயிற்று.

பின்னர் உடையவர் திருமலைக்கு எழுந்தருளி, பூத்துக் குலுங்கும் நந்தவனத்தைக் கண்டு, இவரை வளர்த்த பயனைப் பெற்றோம் என்று உகந்தருளினார். ஸ்வாமி வேங்கடேச இதிஹாஸமாலை முதலிய கிரந்தங்களையும், திருவாய்மொழிக்குத் தனியன் ஒன்றையும் அருளிச் செய்தார். பூத்தொடுத்த கை நூலும் தொடுத்தது. இறுதியில் திருமலையிலேயே திருநாட்டை அலங்கரித்தார். திருவாடிப்பூரத்தன்று எம்பெருமான் அத்தோட்டத்திற்கு எழுந்தருளி, அங்குள்ள மகிழ மரத்திற்கு மாலையும் ஸ்ரீசடகோபமும் ப்ரசாதிப்பது வழக்கம்.

தனி ஒரு குடும்பத்தின் உழைப்பு எப்படி ஊர் முழுவதற்கும் வழியாகிறது என்பதைத் திருமலையின் வரலாறே சொல்லும். 966-ல் சாமவை என்னும் அரசகுலப் பெண்மணி வெள்ளித் திருமேனியும் திருவிழாவுக்கு நிலமும் சமர்ப்பித்தாள். அது பொருளால் வந்த தர்மம். பின் அனந்தாழ்வான் செய்தது உடலால் வந்த தர்மம். பதினைந்தாம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மர் இராமாநுஜ கூடங்களை அமைத்து, யாத்ரிகர் உணவுண்ண வகை செய்தார். கந்தாடை இராமாநுஜ ஐயங்கார் அவற்றை நிர்வகித்தார். பொருளும் உழைப்பும் அங்கே கைகோத்தன. 1985-ல் நாளொன்றுக்குச் சுமார் 2,000 பேருக்கெனத் தொடங்கிய நித்ய அன்னதானம் இன்று பெருகி நடக்கிறது. 2000-ல் தொடங்கிய ஸ்ரீவாரி சேவையில் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து காய் நறுக்கவும், வரிசையில் நிற்போருக்கு உதவவும் செய்கின்றனர். கூடையை வாங்கிக் கொள்ள வந்த அச்சிறுவனை இன்று எவரும் விரட்டுவதில்லை.

அடியேன் வடமொழிப் பாடசாலையில் வாசித்த நாளில், பொழுது புலருமுன் பூக்குடலையுடன் நந்தவனத்திற்குச் சென்ற பின்னரே பாடம் தொடங்கும். துளசி, மரு, இருவாட்சி என்று பெயர் அறிந்ததும், வாழைநாரை நனைத்து விரல் நோகாமல் தொடுக்கப் பழகியதும், தொடுத்துக் கொண்டே சந்தை சொன்னதும் அங்கேதான். சப்தரூபங்களில் சில மறந்து போயின, அது மறக்கவில்லை.

நம் முன்னோர் நந்தவனப்புறமாக நிலம் விட்டு, இத்தர்மத்தைக் காப்பவர் பாதம் தம் தலைமேல் என்று கல்லில் பொறித்து வைத்தார்கள். கொடுத்தவனைவிடக் காப்பவன் உயர்ந்தவன் என்பது அவர்கள் கருத்து. இன்று எத்தனையோ திருக்கோயில்களில் நந்தவனம் முள்மண்டிக் கிடக்க, பெருமாளுக்குக் கடைப்பூ வருகிறது. ஆகையால் இவ்வுற்சவத்திற்கு எழுந்தருளியுள்ள பாகவதர்கள் ஒன்று செய்ய வேண்டும். மாதத்தில் ஒரு நாளாவது தம் குழந்தைகளையும் அழைத்துக் கொண்டு நந்தவனத்தில் ஒரு கூடை மண் சுமக்க வேண்டும். தந்தை வெட்ட, தாய் சுமக்க, பிள்ளை நீர் வார்க்கும் இடத்தில் குடும்பம் நிலைபெறும். அண்டை வீட்டுப் பிள்ளையும் வந்து கூடையைக் கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். வந்திருப்பவன் யாரென்று நாம் அறியோம்.

ஸ்ரீ அனந்தாழ்வான் திருவடிகளே சரணம்.
சுபமஸ்து.