எட்டாத ஏடுகளும் இராமானுஜனும்

காஞ்சிமா நகரில் இராமாநுசர் என்று ஒருவர் கூறின், கேட்போர் நினைவு முதற்கண் வைணவ ஆசாரியர்பாற் செல்லும். அவர் இந்நகரை அடுத்த திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் பாடங்கேட்டவர் என்றும், திருக்கோட்டியூரில் அரிதின் முயன்று பெற்ற மறைபொருளைக் கோபுரத்தின் மீதேறி ஊரறிய உரைத்தவர் என்றும் வைணவர் வழிவழியாகச் சொல்லி வருவர். அப்பெயரையே தாங்கிய மற்றொருவரும் தம் இளமையிற் சிலகாலம் இந்நகரில் வாழ்ந்தார் என்பதை எம்மூரார் பலர் அறியார். கணிதப் பேரறிஞர் ஸ்ரீநிவாச இராமானுஜனே அவர். அவர்தம் வரலாறு பலராலும் எழுதப்பெற்றதே. வறுமையையும், நோயையும், கடல் கடந்து பெற்ற புகழையும் அவர்கள் விரித்துரைத்துள்ளனர். யாம் ஈண்டு எழுதப் புகுந்தது அவ்வரலாற்றின் ஒரு கூறே. பிறர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் அவர்க்குக் கிட்டாத வகையும், அவர் எழுதியவை பிறர்க்குக் கிட்டிய வகையுமே அது.

இதனை எழுதத் தூண்டியது எமக்கு நேர்ந்த ஒரு சிறு முட்டுப்பாடு. யாம் காஞ்சியில் தறி நெய்யும் குடியிற் பிறந்தோம். சென்ற ஆண்டு வகுப்புக் கட்டுரையொன்றின் பொருட்டுக் கயிலாயநாதர் கோயிற் கல்வெட்டுக்களைப் பற்றி அறிய விழைந்து இணையத்தில் தேடினோம். எமக்கு வேண்டிய பொருளையே கூறும் கட்டுரையொன்றின் தலைப்பும் சுருக்கமும் தென்பட்டன. எஞ்சிய பக்கங்களைப் படிக்க வேண்டிற் பணங் கட்டுக என்று ஓர் அறிவிப்பு குறுக்கே நின்றது. கேட்ட தொகை எம் இல்லத்தில் ஒரு கிழமைக்கு அரிசியும் பருப்பும் வாங்கப் போதும். கல்லிற் பொறித்த பல்லவர் எழுத்து ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் வருவார் போவார்க்கெல்லாம் திறந்து கிடக்கின்றது. அதனைப் பற்றி அண்மையில் எழுந்த கட்டுரையோ பூட்டிக் கிடக்கின்றது! எம் சினத்தை ஆசிரியர் ஒருவரிடம் வெளியிட்டோம். அவர் புன்முறுவல் செய்து, இராமானுஜன் வரலாற்றை எடுத்துப் படிக்குமாறு பணித்தார்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22ஆம் நாள் ஈரோட்டிலே தாய்வழிப் பாட்டியார் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாச ஐயங்கார் கும்பகோணத்துப் புடைவைக் கடையொன்றிற் குமாஸ்தாவாயிருந்தார். யாரோ நெய்த சேலைகளுக்குக் கணக்கெழுதிய கையின் மகன் உலகத்துக் கணக்கையெல்லாம் எழுதினான் என்பது தறிக்குடியிற் பிறந்த எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. தாயார் கோமளத்தம்மாள். குழந்தைக்கு வைசூரி கண்டு நீங்கிய பின்னர் அவ்வம்மையார் அவரைக் காஞ்சியிலிருந்த தம் பெற்றோர் இல்லத்திற்குக் கொணர்ந்தார். நீதிமன்றத்தில் அலுவல் பார்த்த பாட்டனார் அவ்வேலையை இழந்தபின், தாயும் மகனும் கும்பகோணத்திற்கு மீண்டனர். காஞ்சிக்கும் அவர்க்கும் உள்ள தொடர்பு இவ்வளவே. இதனைப் பெரிதுபடுத்திக் கூறுதல் எம் கருத்தன்று.

கும்பகோணத்து நகர உயர்நிலைப் பள்ளியிற் பயின்றபோது, ஏறக்குறையப் பதினாறாம் வயதில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்தது. அந்நூலில் ஏறக்குறைய ஐயாயிரம் தேற்றங்கள் அடுக்கப்பட்டிருந்தன. நிறுவும் முறை பெரும்பாலும் ஓரிரு வரிகளிற் குறிக்கப்பட்டதேயன்றி விரிக்கப்படவில்லை. தேர்வு எழுதும் மாணவர்க்காகத் தொகுத்த அதனைப் பெரும் புலமை நூல் என எவரும் கூறார். ஆயினும் இராமானுஜன் ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்கத் தலைப்பட்டார். அந்நூலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சங்கங்களின் சஞ்சிகைகளில் வெளிவந்த கணிதக் கட்டுரைகளுக்கு ஓர் அட்டவணை அதனோடு இணைக்கப்பட்டிருந்தது. அவ்வட்டவணையை அவர் கண்டிருந்தாலும் அதனாற் பயன் என்னை? காவிரிக் கரையில் அச்சஞ்சிகைகள் ஏது? விருந்தின் பெயர்களை மட்டும் வாசித்துவிட்டுப் பசியோடு எழுந்து செல்வது போன்றதே அது.

இதன்பின் நேர்ந்தவை யாவரும் அறிந்தவை. கணிதமொழிந்த பாடங்களில் மனஞ்செல்லாமையாற் கும்பகோணம் கலாசாலையில் உபகாரச் சம்பளம் இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்தும் எப். ஏ. தேர்விற் பலமுறை தவறினார். தாள் வாங்கப் பொருளின்மையாற் கற்பலகையிற் கணக்கிட்டு முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். வழி அழிந்து முடிவு மட்டும் எஞ்சிய அவ்வேடுகள் பிற்காலத்து அறிஞர் பலருக்கு வாழ்நாள் வேலையாயின.

ஈண்டு ஒரு டிப்டி கலெக்டரைப் பற்றிச் சிறிது விரித்துக் கூற விரும்புகின்றோம். வி. இராமசுவாமி ஐயர் என்பது அவர் பெயர். அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே கணிதத்திற் பேரார்வம் கொண்டிருந்தவர். இந்நாட்டில் ஆங்காங்குச் சிதறியிருந்த கணித ஆசிரியர்க்கு மேனாட்டுச் சஞ்சிகைகள் கிட்டாமையும், தனியொருவர் அவற்றிற்குச் சந்தா செலுத்த இயலாமையும் அவர் உள்ளத்தை வருத்தின. 1907ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் இருபதின்மரைக் கூட்டி ஒரு கழகம் நிறுவினார். உறுப்பினர் தரும் சந்தாவைக் கொண்டு நூல்களும் சஞ்சிகைகளும் வருவிக்கப்பட்டன. புனா நகரத்துப் பெர்குசன் கலாசாலை அவற்றிற்கு இருப்பிடமாயிற்று. வந்த இதழ்கள் தபால் வழியே உறுப்பினர் கைக்குச் சென்றன. ஒருவர் படித்து முடித்தபின் அவை மற்றவர்க்குப் போயின. இக்கழகமே இந்தியக் கணித சங்கமாக வளர்ந்தது. 1909 முதல் அஃது ஒரு சஞ்சிகையையும் வெளியிட்டது. பணம் படைத்த பெருநிலையங்கள் செய்யாததை ஒரு சிலர் தபால் முத்திரையைக் கொண்டு செய்தனர் என்பதே எமக்கு வியப்பு.

1910இல் இராமானுஜன் திருக்கோவலூரில் அவ்வையரைக் கண்டு, ரெவினியூ இலாகாவில் ஒரு குமாஸ்தா வேலை தருமாறு வேண்டினார். குறிப்பேடுகளைப் புரட்டிய ஐயர், இத்தகைய அறிவைத் தாலுகாக் கச்சேரியிற் புதைக்க மனமின்றி, சென்னையிலிருந்த கணித அன்பர்க்கு அறிமுகக் கடிதங் கொடுத்தனுப்பினார். வேலை மறுத்ததனால் ஒருவரைக் காத்த அதிகாரி அவர். கடிதங்கள் கைமாறி, நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவிடம் கொண்டு சேர்த்தன. அவர் சிறிது காலம் தம் பொருளாலேயே இராமானுஜனைப் புரந்தார்.

சங்கத்தின் சஞ்சிகையில் இராமானுஜன் முதலிற் கேள்விகள் விடுத்தார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றி நீளும் ஒரு கோவையின் மதிப்பு யாது என்பது அவற்றுள் ஒன்று. ஆறு திங்கள் கழிந்தும் விடை எழுதுவார் ஒருவருமில்லை. ஈற்றில் அவரே, விடை மூன்று எனக் காட்டினார். பெர்னூலி எண்களைப் பற்றிய முதற் கட்டுரை 1911இல் வெளிவந்தது. அவர் எழுத்துச் சுருக்கமும் புதுமையும் மிக்கதாய், வாசிப்போர் தொடரவியலாதபடி இருந்தமையின், பத்திராதிபர் எம். டி. நாராயண ஐயங்கார் அதனைச் செப்பஞ் செய்விக்கப் பெரிதும் உழைக்க நேர்ந்தது. கட்டுரை வெளியிடுதல் என்பது அச்சுக்கோப்போடு முடிவதன்று. புரியும்படி எழுதுக என்று பொறுமையோடு திருப்பியனுப்பும் ஒருவரும் வேண்டும். அச்சஞ்சிகை இல்லாதிருப்பின், பட்டமற்ற ஓர் இளைஞரின் கட்டுரையை வேறெவர் ஏற்றிருப்பர்?

1912 மார்ச்சு மாதத்திற் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் முப்பது ரூபாயில் குமாஸ்தா ஆனார். ஆண்டுத் தலைமைக் கணக்கராயிருந்த எஸ். நாராயண ஐயரும் கணித சங்கத்தினரே. அவர் முதலிய அன்பர் தூண்ட, இராமானுஜன் கேம்பிரிட்ஜு அறிஞர்க்குத் தம் முடிவுகளை எழுதியனுப்பினார். இருவர் பொருட்படுத்தவில்லை. 1913 ஜனவரி 16ஆம் நாளிட்டு ஜி. எச். ஹார்டிக்கு விடுத்த கடிதமே பயன்பட்டது. அக்கடிதத்தில் இருந்தவற்றுட் சில எவரும் காணாதவை. சில ஐரோப்பியர் முன்னரே கண்டு அச்சிட்டவை. பகா எண்களைப் பற்றிக் கூறியதோ பிழைபட்டது. அப்பிழையைத் திருத்தக்கூடிய கட்டுரைகள் ஐரோப்பாவில் அச்சாகி இருந்தன. அவர் மேசையில் இல்லை. இந்தியாவில் அவர் செய்த சிறந்த வேலையில் மூன்றில் இரண்டு பங்கு பிறர் கண்டதை மீண்டும் கண்டதே என ஹார்டி பின்னர் மதிப்பிட்டார். குறிப்பேடுகளை முற்றும் ஆராய்ந்த புரூஸ் பெர்ண்டு அம்மதிப்பு மிகையென்பர். மிகையாயினுமாக, முப்பத்திரண்டு ஆண்டே வாழ்ந்த ஒருவர் கழித்த நாட்களில், முன்பே திறந்த கதவைத் தட்டுவதிற் சென்றவை எத்தனை!

1913 மே மாதம் சென்னைச் சர்வகலாசாலை மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் வழங்கியது. 1914 மார்ச்சு 17ஆம் நாள் நெவாஸா என்னும் கப்பலேறி இங்கிலாந்து சென்றார்.

கேம்பிரிட்ஜில் நூல்களுக்குக் குறைவில்லை. வெளியிடுதற்கு மட்டும் இடுக்கண் நேர்ந்தது. தன்னிற் சிறிய எவ்வெண்ணையும்விட மிகுதியான வகுத்திகளையுடைய எண்களை அவர் ஆராய்ந்தார். 12 என்பது அத்தகையது. அதற்கு ஆறு வகுத்திகள் உண்டு. அதனிற் குறைந்த எதற்கும் ஆறில்லை. இக்கட்டுரை 1915இல் இலண்டன் கணித சங்கத்தின் இதழில் அறுபது பக்கங்களுக்கு மேல் நீண்டு வெளிவந்தது. அப்போது சங்கத்திற்குப் பொருள் முட்டுப்பாடு இருந்தமையால் எஞ்சிய பகுதி அச்சேறவில்லை. அஃது 1997இல், இராமானுஜன் பெயரால் எழுந்த சஞ்சிகையின் முதல் தொகுதியிலேதான், பிரெஞ்சு அறிஞர் இருவர் குறிப்புரையுடன் வெளிவந்தது. தாள் செலவை மிச்சம் பிடித்ததன் பயன் எண்பத்திரண்டு ஆண்டுத் தாமதம்.

இதனினும் எம் உள்ளத்தை ஈர்த்தது மற்றொரு நிகழ்ச்சி. எண்களைக் கூறிடுவதைப் பற்றிய இரண்டு சமன்பாடுகளை இராமானுஜன் சென்னையிலிருந்தபோதே கண்டிருந்தார். ஓர் எண்ணை, ஒன்றற்கொன்று இரண்டேனும் வேறுபடும் பகுதிகளாகப் பிரிக்கும் வகைகளும், ஐந்தால் வகுப்பின் ஒன்றோ நான்கோ மிகும் பகுதிகளாகப் பிரிக்கும் வகைகளும் எண்ணிக்கையில் ஒத்திருக்கும் என்பது அவற்றுள் ஒன்றன் பொருள். 6 என்பதை முதல் முறையில் 6, 5+1, 4+2 என மூவகையாகப் பிரிக்கலாம். மற்றதில் 6, 4+1+1, ஆறு ஒன்றுகள் என மூவகையே. காண எளிது, நிறுவுதற்கு அவரிடமும் வழியில்லை, ஹார்டியிடமும் இல்லை, அவர் வினவிய பிறரிடமும் இல்லை. நிறுவப்படாதது என்றே ஒரு பெருநூலில் 1916இல் அச்சாயிற்று. 1917இல் இராமானுஜன் இலண்டன் கணித சங்கத்தின் பழைய தொகுதிகளைப் பொழுதுபோக்காகப் புரட்டுகையில், எல். ஜே. ரோஜர்ஸ் என்பார் 1894இல் எழுதிய கட்டுரை கண்ணிற்பட்டது. அச்சமன்பாடுகளும் அவற்றின் நிறுவலும் அதிலே கிடந்தன! இருபத்து மூன்று ஆண்டுகளாக அங்கேயே இருந்தன, அத்தொகுதிகள் அவ்வறிஞர்க்கெல்லாம் எட்டும் தூரத்திலேயே நின்றன, ஒருவரும் பார்க்கவில்லை. ரோஜர்ஸ் அப்போது லீட்ஸ் நகரத்தில் ஆசிரியராக உயிரோடிருந்தார். இருவர்க்கும் கடிதப் போக்குவரவு தொடங்க, 1919இல் எளிய நிறுவல்கள் ஒருங்கே வெளிவந்தன; மறக்கப்பட்டிருந்த ரோஜர்ஸ் 1924இல் இராயல் சங்கத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதற்கிடையில் ஜெர்மனியில் ஷூர் என்பவர் தாமும் அவற்றையே கண்டு நிறுவினார். போர்க்காலமாதலின் அச்செய்தி கடல் கடக்கவில்லை. ஆகவே ஒரே உண்மையை மூவர் மும்முறை கண்டனர். பூட்டிய பெட்டியும் திறந்தும் எவரும் நோக்காத பெட்டியும் பயனில் ஒன்றே என்று அப்பகுதியைப் படித்தபோது எமக்குத் தோன்றிற்று.

நூல்களை அடுக்குவோர் தொழிலின் அருமை இதனால் விளங்கும். சென்னைக் கிறித்தவக் கலாசாலையிற் கணிதம் பயின்று, 1924இற் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராய், நூலகக் கலைக்கே தந்தையெனப் பெற்ற எஸ். ஆர். இரங்கநாதன், தம் முதுமையில் இராமானுஜன் வரலாற்றை ஒரு நூலாக எழுதியது தற்செயலன்று போலும்.

1918இல் இராயல் சங்கத்தினராகவும் திரினிதிக் கல்லூரிப் பெல்லோவாகவும் சிறப்புப் பெற்ற இராமானுஜன், நோயுடன் 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். இறுதி ஆண்டில் எழுதிய தாள்கள் இங்கிலாந்து சென்று, கைமாறி, திரினிதிக் கல்லூரிப் புத்தகசாலையில் வாட்ஸன் என்பார் விட்டுச்சென்ற தாள்களிடையே கிடந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். அறுநூற்றுக்கு மேற்பட்ட முடிவுகள் அவற்றில் இருந்தன. அவற்றிற்கு விளக்கமாக ஆண்ட்ரூஸும் பெர்ண்டும் எழுதிய ஐந்து தொகுதிகள் 2005 முதல் 2018 வரை வெளிவந்தன.

இன்று அவர் கட்டுரைகளையும் குறிப்பேட்டுப் படிகளையும் எவரும் இணையத்திற் காசின்றிக் காணலாம். 1978இல் கே. இராமச்சந்திரா, ஆர். பாலசுப்பிரமணியன் என்னும் கணித அறிஞர் தொடங்கிய ஹார்டி-இராமானுஜன் சஞ்சிகை, அவர் பிறந்த நாளாகிய டிசம்பர் 22ஐ வெளியீட்டு நாளாகக் கொண்டது. அதனைப் படிப்பவரும் பணங் கொடுக்க வேண்டா; எழுதுபவரும் கொடுக்க வேண்டா. பின்னதை அழுத்திக் கூறுதற்குக் காரணம் உண்டு. ஆராய்ச்சிக் கட்டுரைகள் யாவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும் என்று அறிஞர் பலர் 2002இல் புடாபெஸ்டு அறிக்கையால் வேண்டினர். அதன்பின் அவ்வாறு திறந்த சஞ்சிகைகள் பல, படிப்போரிடம் வாங்காத பணத்தை எழுதுவோரிடம் வாங்குகின்றன. முப்பது ரூபாய்க் குமாஸ்தா அவற்றில் எங்ஙனம் எழுதியிருப்பார்?

எம் கட்டுரைக்கு வருவோம். விலை கேட்டு நின்ற அக்கட்டுரையை எழுதிய பேராசிரியர்க்கே, ஆசிரியர் சொற்படி, ஒரு மின்னஞ்சல் விடுத்தோம். நான்காம் நாள் கட்டுரை முழுதும் வந்தது. கோயிலின் சுற்றிலுள்ள சிறு கோட்டமொன்றின் கல்வெட்டு இப்போது எந்நிலையில் உள்ளது, படம் எடுத்தனுப்ப இயலுமா என்றும் அவர் கேட்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை வெயில் சாய்ந்து எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழும் வேளை பார்த்துச் சென்று எடுத்தோம். இரண்டாம் வரியிற் சில எழுத்துக்கள் பொரிந்து உதிர்ந்திருந்தன. அதனையும் குறித்து அனுப்பினோம்.