மனக் காயத்துக்குச் செவிகொடுத்த வைத்தியர்



காய்ச்சல் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடுகிறோம். மனம் நோயுற்றவரையோ லயன் அறைக்குள் மறைத்து வைக்கிறோம். செய்வினை என்று சொல்லி மந்திரித்த நூல் கட்டுகிறோம். 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. விழுந்த மண்ணை வாரி அகற்றலாம். உறவுகளைப் பறிகொடுத்தோரின் நெஞ்சில் இறுகிய துயரை அப்படி அகற்ற முடியுமா?

மனத் துயரைக் கேட்பதையே பணியாகக் கொண்ட ஒருவர் நம் அயல்நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் கிரீந்திரசேகர் போஸ். 1887இல் பிறந்த வங்காளியான இவர், 1910இல் கல்கத்தாவில் வைத்தியப் பட்டம் பெற்றார். மனத்தில் அமுக்கப்படும் ஆசைகளைப் பற்றி ஆராய்ந்து 1921இல் டாக்டர் பட்டமும் பெற்றார். அந்த ஆய்வு நூலை வியன்னாவிலிருந்த பிராய்டுக்கு அனுப்பினார். இருவரும் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டனர், நேரில் சந்திக்கவேயில்லை.

1922இல் தமது இல்லத்திலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். 1940இல், அண்ணன் ராஜசேகர் அளித்த இடத்தில், லும்பினி பார்க் மனநோய் வைத்தியசாலை எழுந்தது. 1953 ஜூனில் காலமானார்.

அவருடைய கருத்து என்ன? ஒவ்வோர் ஆசைக்கும் எதிரான ஆசையொன்றும் மனத்தில் உண்டு. அடிக்க விரும்புகிறவனுக்குள் அடிபடும் விருப்பமும் ஒளிந்திருக்கும். ஒன்று வெளிப்பட, மற்றது அமுக்கப்படுகிறது. அதிலிருந்தே நோய் பிறக்கிறது. ஒளிந்திருப்பதை நோயாளி தாமே கண்டுகொள்ளத் துணைசெய்வதே வைத்தியம் என்றார். இதில் பிராய்டோடு மாறுபட்டதை அவருக்கே பணிவோடு எழுதினார்.

விசுவாசிகளாகிய நமக்கு ஒரு தயக்கம் எழலாம். மதம் வெறும் மாயை என்று 1927இல் எழுதியவர் பிராய்ட். அதை நாம் ஏற்கமாட்டோம். ஆயினும், 1953 ஏப்ரலில் உளவைத்தியர்களுக்கு உரையாற்றிய பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அவர்களது கலையைத் தள்ளிவிடவில்லை. அதற்குரிய ஒழுக்க எல்லைகளையே வகுத்துக் காட்டினார். பாவசங்கீர்த்தனம் பாவத்தை மன்னிக்கிறது. மனநோயோ பாவமன்று, நோய். அதற்கு வைத்தியரும் வேண்டும்.

ஆகவே வாசகரே, உங்கள் வீட்டில் உறக்கமின்றித் தவிப்பவர், யாரோடும் பேசாது ஒடுங்கியிருப்பவர் உண்டா? ஏசாதீர்கள், மறைக்காதீர்கள். அருகில் அமர்ந்து பொறுமையாகக் கேளுங்கள். செபமாலை சொல்லுங்கள், வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். நோயாளரைத் தேடிச் சென்ற நம் ஆண்டவருக்கு அது மிகவும் உகந்த பணியாகும்.