எல்லாம் ஒன்று என்றால் அறம் எங்கே? மேற்கின் கேள்விக்குப் பதில் தேடிய ராதாகிருஷ்ணன்

மே 16 வந்தால் நம் பள்ளிகளில் ஆசிரியர் தினம். இந்தியாவில் அது செப்டம்பர் 5. அந்நாட்டின் இரண்டாவது குடியரசுத் தலைவர் டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்த நாள் அது என்பது பலருக்கும் தெரியும். ஆனால், அவர் வாழ்நாள் முழுவதும் எதைப் பற்றி எழுதினார் என்று கேட்டால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

1888-ஆம் ஆண்டு திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை வீராசாமி ஜமீன் ஒன்றில் வருவாய்ப் பிரிவு ஊழியர், வருமானம் குறைவு. மகன் உபகாரச் சம்பளத்தில்தான் படித்தார். வீட்டில் பூஜையும் விரதமும், பள்ளியிலோ பைபிள். திருப்பதி, வேலூர், பிறகு மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி என மிஷனரிகள் நடத்திய கல்விக்கூடங்களிலேயே வளர்ந்தார். தத்துவப் பாடத்தைக்கூட அவர் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகம் வாங்கும் செலவு மிச்சம் என்று அதையே எடுத்துக்கொண்டார்.

அந்தக் கல்லூரியில்தான் அவரை உறுத்திய கேள்வி வந்தது. வேதாந்தம் ஆன்மாவும் பிரம்மமும் ஒன்று என்கிறது. நீயும் அதுவே, நானும் அதுவே. அப்படியானால் யார் யாருக்கு உதவுவது? யார் யாருக்குக் கெடுதல் செய்வது? உலகமே மாயை என்றால் நல்லது கெட்டதுக்கு என்ன வேலை? மேற்கத்திய, கிறிஸ்தவச் சிந்தனையில் மனிதன் வேறு, கடவுள் வேறு. ஒவ்வொருவரும் தனி ஆள். தன் செயலுக்குத் தானே பொறுப்பு. அந்த வேறுபாடு இல்லாத இந்துத் தத்துவத்தில் அறத்துக்கு இடமில்லை என்பதே மிஷனரி ஆசிரியர்களின் வாதம்.

இருபது வயது மாணவருக்கு அது புத்தக வாதமாக மட்டும் இருக்கவில்லை. தாய் கும்பிட்ட சாமியையும் தாம் வளர்ந்த வீட்டையும் பற்றிய கேள்வி அது. 1908-இல் எம்.ஏ. பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில், வேதாந்தத்தின் அறநெறியையே தலைப்பாக எடுத்துக்கொண்டார். மற்றவரும் நானும் அடிப்படையில் ஒன்று என்று உணர்ந்தவனுக்குத்தான் பிறர் துன்பம் தன் துன்பமாகும். ஒருமை அறத்தை அழிக்கவில்லை, அதற்கு வேராக இருக்கிறது என்பது அவர் வைத்த விடை. பேராசிரியர் ஏ.ஜி. ஹாக் இதைப் படித்து என்ன சொல்வாரோ என்ற பயம் அவருக்கு இருந்தது. ஹாக் மனமாரப் பாராட்டிச் சான்று எழுதிக் கொடுத்தார். இத்தனைக்கும் ஹாக், இரு சமயங்களுக்கும் உள்ள வேறுபாட்டை மழுப்பாமல் பார்க்க வேண்டும் என்று நினைத்தவர். மாறுபட்ட கருத்துள்ள மாணவனை மெச்சுகிற ஆசிரியர் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

அதன் பிறகு ஏறுமுகம்தான். சென்னை மாநிலக் கல்லூரி, மைசூர், கல்கத்தா. 1921-இல் மைசூரை விட்டுக் கிளம்பியபோது மாணவர்கள் அவருடைய வண்டியைப் பூக்களால் அலங்கரித்து, தாங்களே ரயில் நிலையம்வரை இழுத்துச் சென்றார்கள். 1923-லும் 1927-லும் இந்தியத் தத்துவம் பற்றிய இரண்டு பெரிய தொகுதிகள் வந்தன. சங்கரர் உலகத்தை ஒரேயடியாக இல்லை என்று சொல்லவில்லை; பிரம்மத்தைச் சார்ந்து நிற்கும் ஒன்று என்றுதான் சொன்னார் என அதில் வாதிட்டார். கயிற்றைப் பாம்பென்று பார்த்தாலும் கயிறு என்று ஒன்று அங்கே இருக்கத்தானே செய்கிறது. பிளேட்டோ, காண்ட், ஹெகல், பிராட்லி ஆகியோரைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டதால் மேல்நாட்டு வாசகர்களுக்கும் அது புரிந்தது.

தமிழ் படித்தவள் என்ற முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. நம் சைவ சித்தாந்தம், உயிரும் இறைவனும் முழுக்க ஒன்றும் இல்லை, முழுக்க வேறும் இல்லை, பிரியாமல் உடன் இருப்பவை என்று சொல்கிறது. கிழக்கு, மேற்கு இரண்டுக்கும் நடுவே நிற்கிற அருமையான விடை இது. அந்தத் தொகுதியில் சங்கரருக்கு மிக நீண்ட அத்தியாயம். சித்தாந்தத்துக்கோ மற்றச் சமயங்களோடு சேர்த்துச் சில பக்கங்கள் மட்டுமே.

1936-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கீழைச் சமயங்களுக்கும் அறநெறிக்கும் உருவாக்கப்பட்ட ஸ்பால்டிங் பேராசிரியர் பதவியில் முதலில் அமர்ந்தவர் அவரே. இந்தியச் சிந்தனை உலகத்தை வெறுப்பது என்று ஆல்பர்ட் ஷ்வைட்சர் எழுதியதற்கு, 1939-இல் வெளிவந்த கீழைச் சமயங்களும் மேலைச் சிந்தனையும் பற்றிய நூலில் விரிவாகப் பதில் சொன்னார். மாணவப் பருவத்துக் கேள்வி அப்போதும் அவரை விட்டபாடில்லை.

இன்னொரு கேள்வி உள்நாட்டிலிருந்தே வந்தது. இந்து சமயம் இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்திருப்பதை அதன் வலிமைக்குச் சான்றாக ராதாகிருஷ்ணன் எழுதியிருந்தார். 1936-இல் சாதி ஒழிப்பு நூலில் டாக்டர் அம்பேத்கர் அதை நேரடியாக எதிர்த்தார். உயிரோடிருப்பது மட்டும் போதுமா, எப்படிப்பட்ட வாழ்வு என்று பார்க்க வேண்டாமா என்பது அவர் கேள்வி. உள்ளே எல்லா ஆன்மாவும் ஒன்று, வெளியே கிணற்றுத் தண்ணீர்கூட வேறு என்ற நிலையைப் பார்த்தவர் அம்பேத்கர். மிஷனரிகளுக்குச் சொன்ன பதில் இந்தக் கேள்விக்குப் போதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு மாஸ்கோவில் இந்தியத் தூதர், 1952-இல் துணைக் குடியரசுத் தலைவர், 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவர். அரசியல் பதவிகளுக்கு நடுவிலும், கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத்தின் முயற்சியில் உருவான கீழை, மேலைத் தத்துவ வரலாற்று நூலின் ஆசிரியர் குழுவுக்குத் தலைமை ஏற்றார். இந்தியா, சீனா, ஜப்பான், இஸ்லாமியச் சிந்தனை, கிரேக்கம் எல்லாம் ஒரே நூலின் இரண்டு தொகுதிகளில் இடம்பெற்றன.

ஓய்வுக்குப் பிறகு சென்னை மயிலாப்பூர் வீட்டில் இருந்தார். 1975-இல் சமயத் துறைக்கான டெம்பிள்டன் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதுவரை கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே கிடைத்திருந்த பரிசு அது. அப்போது உடல்நலம் மிகவும் குன்றியிருந்தார். பரிசுப் பணம் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனது. அந்த ஆண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி, 86-வது வயதில் ராதாகிருஷ்ணன் காலமானார்.