முக்கொம்பில் ஆற்றுக்குப் பங்கு பிரித்தவர்

திருச்சிப் பிள்ளைகளுக்கு முக்கொம்பு என்றாலே கொண்டாட்டம்தான்! புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய், பூங்காவில் ஊஞ்சல் ஆடி, சறுக்குமரத்தில் சறுக்கி, சாயங்காலம் மனசே இல்லாமல் பஸ் ஏறுவோம். பச்சைமலை, துறையூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் இருந்துகூடச் சுற்றுலா வருவார்கள்.

அங்கே ஆற்றின் குறுக்கே நீளமாக ஒரு அணை இருக்கிறதே, அதை முதலில் கட்டியது யார் தெரியுமா? கரிகாலன் என்று சொல்லிவிடாதீர்கள். கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படுவது கல்லணை. அது இங்கிருந்து கிழக்கே, ஸ்ரீரங்கம் தீவின் மறுமுனையில் இருக்கிறது. முக்கொம்பு அணைக்கு வயது இருநூறுகூட ஆகவில்லை. அதைக் கட்டியவர் ஓர் ஆங்கிலேயர். பெயர் ஆர்தர் காட்டன்.

கோதாவரிக் கரையில் போய் இந்தப் பெயரைச் சொன்னால் சின்னக் குழந்தைகூடத் தெரியும் என்று தலையாட்டும். நம் ஊரில்தான் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆனால் அவர் ஆற்றைப் படித்த பள்ளிக்கூடமே நம்முடைய காவிரிதான்!

1803-ம் ஆண்டு மே 15-ம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார் காட்டன். வீட்டில் மொத்தம் பதினொரு ஆண்பிள்ளைகள். இவர் பத்தாவது. அந்த வீட்டில் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்! பதினைந்து வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். நில அளவை, கட்டடக் கலை எல்லாம் கற்றார். 1821-ல் சென்னைக்குக் கப்பல் ஏறி வந்தபோது வயது பதினெட்டுதான். நம் வீட்டு அண்ணன்மார் கல்லூரியில் சேருகிற வயது.

வந்ததும் ராமேசுவரம் பக்கம் பாம்பன் கால்வாயை அளக்கும் வேலை கிடைத்தது. பிறகு பர்மாவில் நடந்த போருக்குப் போனார். திரும்பி வந்து, 1828-ல் காவிரிப் பாசனத்தைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

கரூர்ப் பக்கமிருந்து அகலமாக வரும் காவிரி, முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி. நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். திருவானைக்காவும் அதே தீவில்தான். தஞ்சாவூர் வயல்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுப்பது தெற்குக் கிளையான காவிரி. கொள்ளிடம் நேராகக் கடலை நோக்கி ஓடிவிடும்.

இதில் ஒரு சிக்கல். கொள்ளிடம் பள்ளமானது. கடலுக்குக் குறுக்குவழியும் அதுதான். தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? ஆற்று மணலில் வாய்க்கால் வெட்டி விளையாடியிருந்தால் உங்களுக்கே தெரியும். பள்ளமான வாய்க்காலில்தான் பாய்ந்து ஓடும்!

அது மட்டுமல்ல. காவிரி தண்ணீரோடு மணலையும் அடித்துக்கொண்டு வருகிறது. கல்லணை அந்தக் காலத்தில் ஏறத்தாழ 1,080 அடி நீளமுள்ள கெட்டியான கற்சுவர். காவிரி நீர் சரிந்து கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் அது தடுத்தது. தண்ணீரைத் தடுத்ததோடு மணலையும் தடுத்தது. மணல் வெளியேற வழியில்லாமல் காவிரியின் படுகை வருஷா வருஷம் மேடாகிக்கொண்டே வந்தது. காவிரி மேடாக மேடாக, முக்கொம்பில் இன்னும் அதிகத் தண்ணீர் கொள்ளிடத்துக்கே திரும்பியது. 1804-ல் கால்டுவெல் என்ற இன்னொரு பொறியாளர் கல்லணையின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தார். பலன் நிலைக்கவில்லை. சுவர் உயர்ந்தால் மணலும் சேர்ந்து உயரும் அல்லவா?

மழைக்காலத்தில் வெள்ளம். மற்ற நாளில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். தஞ்சாவூர் நிலங்கள் ஒவ்வொன்றாகத் தரிசாகிக்கொண்டிருந்தன. உழவர்களுக்குச் சோற்றுக் கவலை. கம்பெனிக்கோ வரி குறைகிறதே என்ற கவலை. உண்மையைச் சொன்னால், இரண்டாவது கவலைதான் கம்பெனியாரை அசைத்தது!

கரிகாலனிடம் கற்ற பாடம்

காட்டன் ஆற்றங்கரையிலேயே கிடந்தார். கரை ஓரமாக நடந்து நடந்து எங்கே மணல் சேருகிறது, எங்கே அரிக்கிறது என்று பார்த்தார். கல்லணை அவரைத் திகைக்க வைத்தது.

ஏன் திகைக்க வேண்டும்? அந்தக் காலத்து ஐரோப்பியப் பொறியாளர்கள் பாறையைத் தேடித்தான் அடித்தளம் போடுவார்கள். காவிரியில் எவ்வளவு தோண்டினாலும் மணல்தான் வரும். அந்த மணலின் மேலேயே நம் முன்னோர் அணை கட்டியிருக்கிறார்கள். பெரிய பெரிய கற்களை ஆற்றில் போட்டார்கள். ஓடுகிற தண்ணீர் அடியில் மணலை அரிக்க, கல் கீழே இறங்கும். அதன் மேல் இன்னொரு கல். இப்படி இறங்கி இறங்கி, இனி அசையாது என்ற நிலை வந்ததும் மேலே களிமண் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் எத்தனையோ வந்தும் அணை நின்றது. மணலில் அணை கட்டும் வித்தையை இவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன் என்று காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார். நாட்டை ஆளுகிறவர்கள் ஆளப்படுகிறவர்களிடம் பாடம் கேட்டதாக ஒப்புக்கொள்வது அந்தக் காலத்தில் அபூர்வம்!

முதல் வேலையாக, 1830-ஐ ஒட்டிக் கல்லணையில் மணல் வெளியேறுவதற்கு மதகுகள் வைத்தார். சுவரை உயர்த்துவதற்குப் பதிலாக ஓட்டை போட்டார். ஊரில் சிலர் பயந்துகூட இருப்பார்கள்!

அதற்குள் உடம்பு கெட்டுவிட்டது. விடுமுறையில் இங்கிலாந்து போய், 1832-ல் திரும்பி வந்து விட்ட வேலையைத் தொடர்ந்தார். இப்போது அவர் கண் முக்கொம்பின் மேல். ஆறு பிரிகிற இடத்திலேயே, கொள்ளிடத்தின் வாயில் ஒரு தடுப்புச் சுவர் வைத்தால் என்ன? சாதாரண நாளில் சுவர் தண்ணீரைத் தடுத்துக் காவிரிக்குத் திருப்பும். வெள்ளம் வந்தால் மிச்சம் சுவரைத் தாண்டிக் கொள்ளிடத்தில் போய்விடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஏறத்தாழ 685 மீட்டர் நீளத்துக்கு, மணலின் மேல், அதைக் கட்ட வேண்டுமே!

இன்னொன்றையும் யோசியுங்கள். மேட்டூர் அணை வந்தது 1934-ல். காட்டன் காலத்தில் காவிரியை மேலே நிறுத்தி வைக்க எந்த அணையும் இல்லை. மைசூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால், சில நாளில் திருச்சியில் வெள்ளம் புரளும். ஆறு வற்றிக் கிடக்கும் கோடை மாதங்களுக்குள் வேலையை முடித்தாக வேண்டும். பாதியில் வெள்ளம் வந்தால் அத்தனையும் கடலுக்குப் போய்விடும்.

நம் ஊரில் கிணற்றுக்கு உறை இறக்குவார்கள், பார்த்திருக்கிறீர்களா? அதே முறையில் செங்கல் உறைகளை வரிசையாக மணலுக்குள் இறக்கினார்கள். அவற்றின் மேல் சுவர் எழுப்பினார்கள். கொளுத்தும் வெயிலில் கல்லும் செங்கல்லும் சுமந்தவர்கள் நம் ஊர் ஆண்களும் பெண்களும்தான். அவர்கள் பெயரை யாரும் கல்லில் எழுதி வைக்கவில்லை.

1836-ல் முக்கொம்பு மேலணை எழுந்தது. கொள்ளிடத்தில் வெகுதூரம் கீழே, அணைக்கரையில் கீழணையும் அதே ஆண்டில் எழுந்தது. வீணாகக் கடலுக்குப் போகும் தண்ணீரை அது மறுபடி பிடித்து வயல்களுக்குத் திருப்பியது. இன்றும் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத்தான் வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. வீராணத்துத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. சென்னையில் இருக்கும் உங்கள் சித்தி வீட்டுக் குழாய்க்கும் காட்டனுக்கும் இப்படி ஒரு சொந்தம்!

எல்லாம் சரியாக முடிந்ததா? அதுதான் இல்லை. மேலணை தன் வேலையைக் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டது. காவிரிக்குள் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து படுகையை அரிக்க ஆரம்பித்தது. இப்போது காவிரி பள்ளம், கொள்ளிடம் மேடு என்று கதை தலைகீழாகிவிடுமோ என்ற பயம்! 1840-களில் காவிரியின் வாயிலும் படுகையோடு படுகையாக ஒரு தடுப்பு கட்டிச் சரிக்கட்டினார்கள். ஆற்றை ஒரே தடவையில் அடக்கிவிட முடியாது.

கோதாவரியும் பஞ்சமும்

1833-ல் குண்டூர்ப் பகுதியில் கொடிய பஞ்சம் வந்து மக்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். கோதாவரியோ நிறைய நீரோடு ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் அணை இல்லை. காட்டன் திட்டம் எழுதிக் கொடுத்தார். தவளேசுவரத்தில் 1847-ல் வேலை தொடங்கி 1852-ல் முடிந்தது. அங்கே ஆறு, நடுவே உள்ள தீவுகளையும் சேர்த்து, ஏறத்தாழ 6 கிலோமீட்டர் அகலம்! காவிரி மணலில் கற்ற வித்தைதான் கோதாவரி மணலிலும் கைகொடுத்தது. பஞ்சப் பகுதியாக இருந்த கோதாவரி மாவட்டங்கள் நெல் விளையும் பூமியாயின. அங்கே ஊர் ஊராக அவருக்குச் சிலை இருக்கிறது. இப்போதுள்ள அணைக்கும் அவர் பெயர்தான்.

1861-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. ஆனால் அரசாங்கத்தோடு அவருக்குச் சண்டை ஓயவில்லை. அரசு ரயில் பாதைக்குப் பணத்தைக் கொட்டியது. முதலில் கால்வாய் வெட்டுங்கள், தண்ணீர்தான் சோறு போடும் என்று இவர் வாதாடினார். (வேடிக்கை என்னவென்றால், 1837-ல் சென்னை செங்குன்றத்தில் கல் ஏற்றிப் போக ஒரு சின்ன ரயில் பாதை போட்டதிலும் இவர் கை உண்டு!) பெரியவர்கள் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் 1876-ல் வந்தது. தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். 1878-ல், எழுபத்தைந்து வயதில், இங்கிலாந்துப் பாராளுமன்றக் குழுவின் முன் போய் நின்றார் காட்டன். குழு அவர் பேச்சை ஏற்கவில்லை.

கடைசிக் காலத்தில் டார்க்கிங் என்ற ஊரில் வசித்தார். சும்மா இருக்கவில்லை. நிலத்தை ஆழமாகக் கொத்திப் பயிரிட்டால் விளைச்சல் கூடுமா என்று தோட்டத்தில் கோதுமை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். 1899 ஜூலை 24 அன்று, தொண்ணூற்றாறு வயதில் காலமானார்.

அவர் போன பிறகு முக்கொம்பில் எத்தனையோ மாற்றங்கள். மதகுகளும் இரும்புக் கதவுகளும் வந்தன. 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடத்தில் வெள்ளம் கரைபுரண்டபோது ஒன்பது மதகுகள் இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. மணல் மூட்டைகளையும் பாறைகளையும் போட்டு உடைப்பை அடைத்தார்கள். பிறகு பழைய அணையை ஒட்டியே புதிய கதவணை கட்டினார்கள். அடுத்த முறை முக்கொம்புக்குப் போனால், ஊஞ்சலுக்கு ஓடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒருமுறை பாருங்கள். அணைக்கு மேல்புறம் காவிரி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.