கப்பலில் ஏறிய செவிலியர்

2020இல் கொரோனா பரவியபோது, உறவினர் நெருங்க முடியாத நோயாளிகளுக்குத் துணைநின்றவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்கள். அவர்களின் பாதுகாவலர் புனித கமில்லஸ் தெ லெல்லிஸ்.

1550இல் இத்தாலியில் பிறந்த இவர், படைவீரராகவும் சூதாடியாகவும் திரிந்தவர். ஆறாத கால்புண்ணுக்காக உரோமை புனித யாக்கோபு மருத்துவமனையில் சேர்ந்தார். சண்டையாலும் சூதாலும் வெளியே அனுப்பப்பட்டார். 1575இல் மனம் மாறி, கப்புச்சின் சபையில் சேர்ந்தார். அங்கும் அந்தப் புண் விடவில்லை. ஒருவகையில் அது நம் நல்ல காலம்! அதே மருத்துவமனைக்குத் திரும்பி, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யத் தொடங்கினார். கூலிக்கு வேலை செய்தவர்களின் அலட்சியம் அவரை வாட்டியது. நோயுற்ற ஒரே பிள்ளையைத் தாய் பார்ப்பதுபோல் பார்க்கும் தோழர்களைத் திரட்டினார். 1584இல் குருவானார்.

1588இல் நேப்பிள்ஸ் நகரில் இல்லம் திறந்தார். கொள்ளைநோய் கண்ட கப்பல்களுக்குத் துறைமுகத்தில் நுழைய அனுமதியில்லை. கமில்லசின் சகோதரர்கள் கப்பலுக்கே சென்று பணிவிடை செய்தார்கள். இருவர் நோய் தொற்றி இறந்தார்கள். ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. 1591இல் துறவற சபையாக ஏற்கப்பட்டபோது, உயிருக்கு ஆபத்து வந்தாலும் நோயாளரைக் கைவிடாமை அவர்களின் நான்காவது வார்த்தைப்பாடாயிற்று.

கால்புண் கடைசிவரை ஆறவில்லை. நிற்க முடியாத நாள்களிலும், யாருக்கு என்ன வேண்டுமோ என்று படுக்கையிலிருந்து தவழ்ந்து போய்ப் பார்ப்பாராம். 1614 ஜூலை 14இல் உரோமையில் இறந்தார்.