எர்லிங் விக்ஷோவும் அவர் கட்டிய அரசாங்க மாடியும்

ஹவுகன்ஸ்டுவாவில் தொடருந்து ஏறி ஒஸ்லோ மத்திய நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் அரசாங்க அலுவலகங்களின் உயர்மாடிக் கட்டடம் தெரியும். நோர்வேஜியர் அதை ஹொய்ப்ளொக்கா என்பார்கள். வந்த காலந்தொட்டு நாம் அதை அண்ணாந்து பார்த்திருக்கிறோம். கட்டியவர் யாரென்று கேட்டதில்லை.

அவர் எர்லிங் விக்ஷோ. 1910இல் துரொண்ட்ஹைமில் பிறந்து, அங்கேயே 1935இல் கட்டடக்கலைப் படிப்பை முடித்தார். பின் ஊவ பாங் என்ற பெயர்பெற்ற கட்டடக்கலைஞரிடம் வேலை செய்தார். 1939இல் புதிய அரசாங்கக் கட்டடத்துக்கு வரைபடப் போட்டி வைத்தார்கள். முதற்பரிசைப் பகிர்ந்துகொண்ட நால்வரில் விக்ஷோவும் ஒருவர். மறுவருடம் ஜேர்மன் படைகள் நாட்டைப் பிடித்தன. ஐந்து வருடம் வரைபடம் கிடப்பில் கிடந்தது. போர் முடிந்தபின் பொறுப்பு விக்ஷோவிடம் வந்தது. கட்டடம் எழுந்து முடிய 1958 ஆகிவிட்டது.

சீமெந்துச் சுவரென்றால் பூசி, வர்ணம் அடிப்பதுதான் வழக்கம். விக்ஷோவும் பொறியியலாளர் ஸ்வெர்ர யூஸ்தாடும் வேறு முறை கண்டார்கள். அச்சுப் பலகைகளுக்குள் முதலில் கூழாங்கற்களை நிரப்பி, பிறகு சீமெந்துச் சாந்தை அழுத்திச் செலுத்தினார்கள். இறுகியதும் மணலை வேகமாக வீசி மேற்படையை அகற்ற, உள்ளிருந்த கற்கள் வெளியே தெரிந்தன. இதே மணல்வீச்சால் கார்ல் நேஷார் என்ற ஓவியர் பிக்காசோவின் கோட்டோவியங்களைச் சுவர்களில் பதித்தார். பக்கத்தில் 1969இல் முடிந்த ஒய் வடிவக் கட்டடமும் விக்ஷோவினதே. அதன் வெளிச்சுவரில் பிக்காசோவின் மீனவர்கள் வலை இழுத்தார்கள். துரொம்சோவின் பெரிய பாலத்துக்கும் வடிவம் கொடுத்த விக்ஷோ, 1971இல் காலமானார்.

2011 யூலை 22 அன்று ஹொய்ப்ளொக்காவின் வாசலில் குண்டு வெடித்தது. அவ்விடத்தில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். கண்ணாடிகள் சிதறின, சட்டகம் நின்றது. இடித்துவிடலாம் என்ற ஆலோசனையும் வந்தது. நீண்ட விவாதத்தின் பின் 2014இல் அரசு முடிவெடுத்தது: ஹொய்ப்ளொக்கா இருக்கும், ஒய் கட்டடம் போகும். எதிர்ப்புகளையும் மீறி 2020இல் அதை இடித்தார்கள். மீனவர் சுவரை முழுதாக அறுத்தெடுத்துக் காத்தார்கள்.

ஹொய்ப்ளொக்கா முடிந்த மறுவருடம், 1959இல், யாழ்ப்பாணத்தில் நமது பொதுநூலகம் திறக்கப்பட்டது. சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன் வரைந்தது. 1981இல் எரித்தார்கள். திருத்தும் பேச்சு வந்தபோது, கருகிய சுவர்களைச் சாட்சியாக அப்படியே விடவேண்டும் என்றும் நம்மவர் சிலர் கேட்டார்கள். கடைசியில் வெள்ளையடித்து 2003இல் திறந்தாயிற்று. பிள்ளைகளுக்கு வாசிக்க இடம் வேண்டும்தான், அதில் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்த வெள்ளைச் சுவரைப் பார்க்கும் பிள்ளைக்கு யார் சொல்வது?

நம்மில் கணக்கெழுதிப் பிழைத்தவர்களுக்கு ஒரு விதி தெரியும். பேரேட்டில் பிழையான எண்ணைச் சுரண்டி அழிக்கக்கூடாது. ஒரு கோடு கீறி, பழையது வாசிக்கும்படி விட்டு, மேலே சரியானதை எழுதவேண்டும். அடுத்தமுறை பிள்ளைகளோடு நகருக்குப் போகும்போது விக்ஷோவின் கட்டடத்தைக் காட்டுவோம். நூலகத்தின் கதையையும் அங்கேயே நின்று சொல்வோம்.