கோட்டையில் கேட்ட இசை

நெகிரி செம்பிலான் தோட்டப்புறக் கோயில்களில் பஜனை நடக்கும்போது ஆர்மோனியம் வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் கட்டைகளும் பியானோவின் கட்டைகளும் ஒரே வரிசையில் அமைந்தவை. பியானோ பழகத் தொடங்குபவர், இரட்டைக் கறுப்புக் கட்டைகளுக்கு இடப்புறமுள்ள வெள்ளைக் கட்டையை 'ச' எனக் கொண்டு, அதில் வலக்கைப் பெருவிரலை வைப்பார். ஒரு வெள்ளைக் கட்டையை விட்டு நடுவிரலால் 'க', மேலும் ஒன்றை விட்டுச் சுண்டுவிரலால் 'ப' என ஒவ்வொன்றாக அழுத்துவார். இவ்வாறு வாசிப்பதை ஆர்பெஜியோ என்பர். யாழ் போன்ற ஹார்ப் கருவியை மீட்டுவதுபோல வாசித்தல் என்பதே அந்த இத்தாலியச் சொல்லின் பொருள். இப்படித் தாவிச் செல்லும் மேலை மெட்டுகளை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு, அவற்றுக்குப் பாடல் புனைந்தவர் முத்துசுவாமி தீட்சிதர்.

கர்நாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவரான தீட்சிதர் திருவாரூரில் பிறந்தார். தந்தை இராமசுவாமி தீட்சிதரும் இசைவாணரே. குடும்பம் சென்னைக்கு அருகிலுள்ள மணலிக்குக் குடிபெயர்ந்தது. அங்கு அவர்களை ஆதரித்த முதலியார் குடும்பத்திற்குக் கிழக்கிந்தியக் கம்பெனியாருடன் தொடர்பு இருந்தது. அதனால், புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் வாத்தியக் குழு வாசிப்பதைக் கேட்கும் வாய்ப்பு தீட்சிதர் சகோதரர்களுக்குக் கிடைத்தது.

வேதமும் வீணையும் கற்ற இளைஞர் அந்த இசையை அந்நியமானது என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் ஒதுக்கவில்லை. தம்பி பாலுசுவாமியோ ஐரோப்பியர் ஒருவரிடம் வயலினே கற்றுக்கொண்டார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியைக் காண்பது அரிது!

கேட்ட மெட்டுகளுக்குத் தீட்சிதர் வடமொழியில் தெய்வப் பாடல்களை இயற்றினார். ஏறக்குறைய நாற்பது பாடல்கள் கிடைத்துள்ளன. இவை நோட்டுஸ்வரங்கள் எனப்படும். அவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் நாட்டுப் பண்ணின் மெட்டில் அமைந்தது. 'சியாமளே மீனாட்சி' பாலர் பள்ளியில் நாம் பாடிய ஆங்கில நட்சத்திரப் பாட்டின் மெட்டுத்தான். அது தொடக்கத்திலேயே 'ச'விலிருந்து 'ப'வுக்குத் தாவுகிறது.

இப்பாடல்கள் சங்கராபரண இராகத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை. மேலே சொன்னபடி 'ச'வை வைத்துக்கொண்டால், அந்த ஏழு ஸ்வரங்களும் வெள்ளைக் கட்டைகளிலேயே கிடைத்துவிடும். வீணையில் ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் கமகம் காட்டலாம். பியானோ கட்டையில் அது இயலாது. நோட்டுஸ்வரங்களுக்கோ கமகமே தேவையில்லை. ஆகவே, அவை தொடக்க மாணவரின் விரல்களுக்கு எளிதில் வசப்படுகின்றன.

இத்தனைக்கும் கமகம் செறிந்த, நிதானமாக நடைபோடும் கீர்த்தனைகளே தீட்சிதருக்குப் பெரும்புகழ் தந்தவை. காசியில் சில ஆண்டுகள் தங்கி, வடநாட்டு இசையையும் அவர் செவிமடுத்தார். திருவாரூர்க் கமலாம்பாள்மீது நவாவரணக் கீர்த்தனைகளை இயற்றினார்.

இறுதிக் காலத்தில், தம்பி பாலுசுவாமி அரசவை வித்துவானாக விளங்கிய எட்டயபுரத்திற்கு வந்து சேர்ந்தார். 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் அங்கேயே காலமானார். அவருடைய நினைவிடம் அவ்வூரில் உள்ளது. அவர் புனைந்த நோட்டுஸ்வரங்களை வாய்ப்பாட்டு பழகும் சிறுவர்கள் இன்றும் பாடுகிறார்கள்; விசைப்பலகை பழகுவோர் வாசிக்கிறார்கள்.